மதில் தாண்டும் அளவு

செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் காலத்தில் கிளி வளர்த்தவர்களில் சாலம்மாளிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. கிளியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "றெக்கையக் கொஞ்சம் பாரு சாலம்மா" என்பார்கள். அவள் துணியைப் பிரிப்பாள். கிளியின் கழுத்தை இரண்டு விரல் இடுக்கில் பிடித்து, ஒரு றெக்கையை விரித்துப் பார்ப்பாள். பிறகு மற்றதை விரித்துப் பார்ப்பாள். அதற்கப்புறம் கொண்டுவந்தவரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் நழுவப் பார்ப்பார்கள்.

"ஒரு பக்கத்த மட்டும் வெட்டியிருக்கறீங்களே, யாருங்க சொல்லிக் குடுத்தாங்க? ஒத்தக் கால்ல மட்டும் கட்டச் செருப்பப் போட்டுக்கிட்டு இந்தத் தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வாங்க, பாக்கலாம்."

ஒரு பக்கத்து இறகை மட்டும் வெட்டினால், பறக்கக் கிளம்புகிற கிளி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று நெஞ்சடிபட விழும். நெஞ்செலும்பு பிளந்துவிட்டால் தீனி எடுக்காமல் கிடந்து சாகும். இது தெரியாமல் ஊர் முழுக்க அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த ஒரே ஆள், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிடங்குக் காவல்காரனின் பெண்டாட்டி என்பது பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கசந்தது. கசந்தால் கசக்கட்டும் என்று அவள் இருந்தாள்.

அவள் பிறந்தது மேச்சேரிப் பக்கம், ஆடு வளர்க்கிற குடும்பத்தில். மேச்சேரி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலை கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் குளம்பு வளர்ந்து கோணிக்கொள்ளும், சீவிவிட வேண்டும். எட்டு வயதிலேயே அப்பன் அந்தக் கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டான். எதுவரை செத்த நகம், எங்கிருந்து உயிருள்ள சதை என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். ஒரு நூல் பிசகினால் ரத்தம் வரும், ஆடு நொண்டும், அப்பன் கன்னத்தில் அறைவான். அவள் வாங்கிய அறைகள் குறைவுதான்.

கல்யாணமாகிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தபோது சீவுவதற்கு ஆடு இல்லை. புருஷன் பெயர் சென்னிமலை. தானிய மண்டி அருணகிரி முதலாளியிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், பிறகு அவருடைய கிடங்குக்கே காவலாளி ஆனான். கிடங்கை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வாடகை கிடையாது. வாடகை கிடையாது என்பதை மாதத்துக்கு ஒரு முறையாவது முதலாளி ஞாபகப்படுத்துவார்.

மண்டி வாசலில் ஒரு கிளி ஜோசியக்காரர் உட்காருவார். ஒருநாள் அவருடைய கிளி ரத்தமாகக் கிடந்தது. புதிதாக முளைக்கிற இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அது நீலம் பாரித்துத் தெரியும். மனுஷன் அதைக் கவனிக்காமல் கத்தரித்துவிட்டார். சுண்ணாம்பு வைத்தார், சாம்பல் வைத்தார், ரத்தம் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் வருங்காலம் சொன்னவருக்குத் தன் கிளி பிழைக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. சாலம்மாள் போய், றெக்கை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, வெட்டுப்பட்ட தண்டை அடியோடு ஒரே இழுப்பில் பிடுங்கினாள். குழியில் மஞ்சள்தூளை வைத்து விரலால் அழுத்தினாள். ரத்தம் நின்றது. அன்றிலிருந்து கிளிகள் அவளைத் தேடி வர ஆரம்பித்தன.

அருணகிரிக்கு ஒரே மகன், பெயர் செல்லமுத்து. பதினாறு வயதில் அவனுக்கு அம்மை வார்த்து, வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தான். அருணகிரி அம்மன் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு, "இந்த ஒரு உசுரக் குடு தாயே, ஆடிக்கு ஆடி ஒம்பது உசுர உன் வாசல்ல பறக்க உடறேன்" என்று வேண்டிக்கொண்டார். பையன் பிழைத்தான். முகமெல்லாம் தழும்பு, ஆனாலும் பிழைத்தான். அந்த வருஷ ஆடியில் ஒன்பது கிளிகளை வாங்கி, ஊர்கூடிப் பார்க்கப் பறக்கவிட்டார் அருணகிரி. அப்போது அவர் அழுததாகக்கூடச் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

மறுவருஷம் வந்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். விடுகிற கிளியே திரும்பக் கிடைக்குமென்றால் வருஷா வருஷம் புதுக்கிளி எதற்கு? கோயில் வாசலை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய புளியந்தோப்புதான் இருந்தது. வாசலில் விடுகிற கிளி கூட்டத்தின் தலைக்கு மேலே போய் மதிலைத் தாண்ட வேண்டும். ஆனால் புளியமரத்தில் ஏறக்கூடாது. மதிலுக்கு அப்பால் பொத்தென்று இறங்கினால், ஈரச்சாக்கோடு காத்திருக்கிற ஆட்கள் அமுக்கிப் பிடித்துக் கூண்டில் போட்டுவிடுவார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஊருக்கு ஒன்பது கிளியும் வானத்துக்குப் போன கணக்கு.

இதற்கு அளந்து வெட்டுகிற கை வேண்டும். சாலம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்லி அவளை நல்லவளாக்க நான் விரும்பவில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஐந்து இறகை வெட்டினால் மதில் எட்டாது, மூன்றை வெட்டினால் மரத்துக்குப் போய்விடும். பக்கத்துக்கு நான்கு என்று கண்டுபிடித்தாள். ஓரத்து நீள இறகு இரண்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த நான்கு. அந்த இரண்டை விடுவதால், கிளி றெக்கையை மடித்துக்கொண்டால் வெட்டின அடையாளமே தெரியாது. முழு றெக்கை மாதிரி இருக்கும். ஆறு வருஷம் ஒன்பது கிளியும் மதிலைத் தாண்டின, ஒன்பதும் சாக்குக்குள் வந்தன. இப்படி ஒரு கை ஜில்லாவிலேயே கிடையாது என்று முதலாளி சொன்னபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் ஆடிக்காற்று கொஞ்சம் கூடுதலாக அடித்தது. எட்டாவது கிளி மதில் உயரத்துக்குப் போனதும் எதிர்க்காற்று அதை அப்படியே பின்னால் தள்ளியது. நான்கு நான்கு இறகு இல்லாத றெக்கையால் காற்றை மிதிக்க முடியவில்லை. மதில் விளிம்பில் மோதி இந்தப் பக்கமாக விழுந்தது. கீழே பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளி ஒரு அடுப்புக்குள் போய் விழுந்தது.

சாலம்மாள் வெறுங்கையை விட்டு அதை வெளியே எடுத்தாள். மத்தியானம்வரை அது உயிரோடிருந்தது. அவள் மடியிலேயே வைத்திருந்தாள். கை கொப்பளித்திருந்ததை யாரோ சொல்லித்தான் பார்த்தாள்.

அருணகிரி அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார். "செரி உடு. ஒண்ணு வாங்கிச் சேத்துக்கலாம்" என்றார். கெட்ட மனுஷன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மேளக்காரர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காற்றின்மேல் பழியைப் போட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. இது தன் கத்தரி செய்த வேலை. ஆறு வருஷமும் ஒன்பது உயிரின் பறப்பை முழம்போட்டு அளந்து கொடுத்துவிட்டு, அதற்கு மெச்சிக்கொண்டவளும் தான்தான். அந்த வெட்கம் அவளை விடவில்லை. சோறு இறங்கவில்லை. பழைய பெருமையை நினைக்க நினைக்கத் தன் கையையே பிடிக்காமல் போயிற்று.

தை பிறந்ததும், கிடங்கின் இருட்டு மூலையில் இருந்த ஒன்பது கூண்டுகளையும் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதிதாக வாங்கிச் சேர்த்தது ஒன்று, பழையது எட்டு. கிளிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. குளிக்கத் தண்ணீர் கிடையாது, வெயில் கிடையாது. இறகெல்லாம் பேன், அரிப்பில் கொத்திக் கொத்தித் தாமே பிய்த்துக்கொண்ட நார்கள். வேப்பிலையை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக் காலை வெயிலில் வைத்தாள். முளைகட்டிய பயறு, கொய்யாக்காய், முருங்கைக்கீரை என்று கிடைத்ததையெல்லாம் கொடுத்தாள்.

வெட்டின இறகு தலைமுடி மாதிரி வளர்வதில்லை. மொட்டைத் தண்டு அப்படியே குத்திக்கொண்டு நிற்கும், அது உதிர்ந்தால்தான் புதுசு முளைக்கும். தானாக உதிரட்டும் என்று விட்டால் ஆடிக்குள் எல்லாம் ஆகாது. பிடுங்கத்தான் வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் பிடுங்கிவிடவும் கூடாது. இளம் இறகு சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் வளர்ந்த இறகு இல்லாவிட்டால், கம்பியில் லேசாகப் பட்டாலும் ஒடிந்து ரத்தம் கொட்டும். அதனால் வாரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள். பிடுங்கும்போது வலிக்கும். கிளி கத்தும், விரலைக் கவ்விக்கொள்ளும். "கடி, நல்லாக் கடி" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பிடுங்குவாள். பங்குனிக்குள் அவள் விரல்களில் கடிபடாத இடம் இல்லை.

சென்னிமலை பயந்த சுபாவம். முதலாளி தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம். பத்து நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவன் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஏம்புள்ள, என்ன பண்ணீட்டிருக்கற?"

"பாத்தாத் தெரியலீங்களா?"

"தெரியுது. தெரிஞ்சதனாலதான் கேக்கறேன். முதலாளிக்குத் தெரிஞ்சா ஊடு போயிரும். எம்பொழப்பும் போயிரும். இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"போனாப் போகட்டுங்க."

"போகட்டும்னா நாம எங்கதான் போறது?"

"நடந்து போவோம். நம்ம கால யாரும் வெட்டி உடலியே."

இரண்டு நாள் அவன் கிடங்கு வாசலிலேயே படுத்துக்கொண்டான். அவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

வைகாசியில் இறகுகள் முளைத்துவிட்டன. ஆனாலும் கிளிகளுக்குப் பறக்க வரவில்லை. ஏழு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை மதில் தாண்டிய நெஞ்சில் வலு எங்கிருந்து வரும்? ஓர் ஆள் உயரம் எழும்புவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. பறந்து பழக இடம் வேண்டும். அறைக்குள் ஆகாது, வெளியில் விட்டால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். பழைய தானியமெல்லாம் விற்றுப்போய்க் கிடங்கு காலியாகக் கிடந்தது. சாவி சென்னிமலை இடுப்பில் இருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டுக் கொடுக்கமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவனோடு குடித்தனம் பண்ண முடியாது என்று பயந்தாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவனே வந்தான். கிடங்கைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "உள்ளார எலி இருக்குதான்னு பாரு. கதவச் சாத்திக்கிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய்க் காவல் உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குக் கிடங்கில் எலி தேட வேண்டியிருந்தது. கீழே சாக்குகளைப் பரப்பிவிட்டு அவள் ஒவ்வொரு கிளியாகக் கையிலிருந்து விட்டாள். முதலில் சாக்கின்மேல் விழுந்தன. பிறகு எதிர்ச்சுவர்வரை போயின. ஆனி கடைசியில் ஒன்பதும் உத்தரத்துக்கு உத்தரம் பறந்து, கீழே இறங்கி வராமல் அவளைக் கெஞ்ச வைத்தன.

திருவிழாவுக்கு முந்தின நாள் முதலாளி பார்வையிட வந்தார். எப்போதோ ஒரு கடி வாங்கியதிலிருந்து அவர் கிளியைத் தொடுவதில்லை, கூண்டுக்கு வெளியிலிருந்தே பார்ப்பார். கிளிகள் றெக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மடித்த றெக்கை முழுசாகத் தெரிவதுதானே அவள் கைநேர்த்தி.

"போன வருசத்துக்கு இப்ப எவ்வளவோ தேவல. வெட்டுனதே தெரியலயே" என்றார்.

"தெரியாதுங்க" என்றாள் சாலம்மாள். அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

மறுநாள் கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. அருணகிரி பட்டு வேட்டியோடு நின்றார், பக்கத்தில் செல்லமுத்து. முதல் கூண்டைத் திறந்தார்கள். கிளி ஒரு கணம் வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கிளம்பியது. மதிலைத் தாண்டியது. புளியமரத்தைத் தாண்டியது. இன்னும் மேலே போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சேர்வராயன் மலைப் பக்கம் பார்த்துப் போனது. அருணகிரியின் கை அடுத்த கூண்டின்மேல் அப்படியே நின்றது. நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் கூட்டம் "அடுத்தது, அடுத்தது" என்று ஆரவாரம் செய்தது. திறந்தார். அதுவும் போயிற்று. ஒன்பதும் போயின. மதிலுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

கிழவிகள் அருணகிரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விடுதலையைப் பார்த்ததில்லை, அம்மன் முழுமனசாக ஏற்றுக்கொண்டாள் என்றார்கள். அவர் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தார். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த சாலம்மாளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

சாயங்காலம் அருணகிரி இரண்டு பேரையும் மண்டிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வெட்டுனயா, இல்லயா?"

"வெட்டலீங்க."

"எதுக்கு?"

"உடறேன்னு சாமிகிட்டச் சொன்னீங்க. அதான் உட்டாச்சு. இன்னும் என்னங்க வேணும்?"

"எஞ்சோத்தத் தின்னுட்டு எனக்கேவா?"

"எம்புருசன் மூட்ட தூக்கித்தானுங்க தின்னோம். சாலம்மா ஏச்சுப்புட்டான்னு ஊரக் கூட்டிச் சொல்லுங்க, நானும் வந்து நிக்கறேன். ஈரச்சாக்கு எதுக்குன்னு ஊரு கேட்டா, அதுக்கும் நீங்களே சொல்லிருங்க."

அவர் ஊரைக் கூட்டவில்லை. அறையை மட்டும் அன்றைக்கே காலி பண்ணச் சொன்னார். சென்னிமலை இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.  வைத்தவன் கும்பிடு போடாமல் திரும்பி நடந்தான். அவனோடு வாழ்ந்த இருபது வருஷத்தில் அவன்மேல் அவ்வளவு ஆசை அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

இரண்டு பேரும் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு சூரமங்கலத்துக்கு நடந்தார்கள். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். சென்னிமலைக்கு ஜங்ஷனில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. மழைக்காலத்தில் குடிசை ஒழுகியது. சில நாள் கூழோடு சரி. ரயில்வேக்காரர்கள் வீட்டில் கிளிகள் நிறைய உண்டு, அவையும் அவளிடம் வந்தன. பேன் என்றால் பார்த்தாள், ஒடிந்த இறகு என்றால் பிடுங்கினாள், அடிபட்ட றெக்கை என்றால் துணி சுற்றிக் கட்டினாள். வெட்டிவிடச் சொன்னால் மட்டும், "அந்த வேலைக்கு வேற ஆளப் பாருங்க" என்று கிளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அடுத்து வந்த மாசி மாதத்தில் குடிசை வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அருணகிரி இறங்கினார். வண்டியை ஓட்டி வந்தது செல்லமுத்து. அவனுக்கு இப்போது இருபத்து நாலு வயது, மண்டியைப் பாதி அவன்தான் பார்த்துக்கொண்டான். உள்ளே ஒன்பது கூண்டுகள் இருந்தன.

போன ஆடிக்கு அப்புறம் அவர் பேர் சுற்றுப்பட்டில் பரவிவிட்டது. இந்த ஆடிக்கு ராசிபுரத்திலிருந்துகூட ஆட்கள் பார்க்க வரப்போகிறார்களாம். கிளிகள் வானத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் பிடிக்கிறவர்கள் பிடித்த கையோடு றெக்கையை வெட்டித்தான் விற்கிறார்கள். அந்த றெக்கையைத் திரும்ப முளைக்க வைக்க ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

"இந்தத் தடவ வெட்ட வேண்டாம் சாலம்மா. நல்லாப் பறக்கற மாதிரி பண்ணிக் குடு. பழைய ரூமுக்கே வந்துருங்க, உம்புருசனுக்கும் பழைய வேலை" என்றார்.

அவள் வண்டியிலேயே வைத்து ஒன்பது கிளியையும் விரித்துப் பார்த்தாள். எல்லாம் ஒற்றைப் பக்க வெட்டு. இரண்டுக்கு நெஞ்சில் புண்.

"ரூமு வேண்டாங்க. கிளிய எறக்கி வெச்சுட்டுப் போங்க. பாக்கறேன்."

"ஆடிக்கு மொத நாளு ஆளு அனுப்பறேன்."

"ஆளெல்லாம் வேண்டாங்க. எதுக்கு எப்ப றெக்க முளைக்குதோ, அது அப்பப் போயிரும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப என் வேண்டுதல்?"

"உடறதுதானுங்களே வேண்டுதல். ஊரு பாக்கோணும்னு அம்மன் கேட்டாளுங்களா?"

"இதுக என் கிளி. நான் சொல்ற நாள்ல, நான் சொல்ற எடத்துலதான் போகோணும்" என்று குரலை உயர்த்தினார் அருணகிரி. ரயில்வே வீடுகளிலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

சாலம்மாள் குரலை உயர்த்தவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த செல்லமுத்துவை, அவன் முகத்துத் தழும்புகளை, ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"ஏனுங்க, இந்தத் தம்பி கண்ணு முழிச்ச அன்னிக்கு, நாள் பாத்து, கூட்டஞ் சேத்து, இவ்வளவு தூரம் போதும்னு அளந்துங்களா அம்மன் உங்களுக்கு உசுரக் குடுத்தா?"

  அருணகிரியால் மகனைப் பார்க்க முடியவில்லை.

செல்லமுத்து கடிவாளத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கினான். அப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு கூண்டாக எடுத்து, குலுங்காமல் கொண்டுவந்து, குடிசை நிழலில் வரிசையாக வைத்தான். ஒன்பதும் இறங்கியதும் வண்டியில் ஏறி, அப்பன் ஏறட்டும் என்று காத்திருந்தான். அருணகிரி ஏறி உட்கார்ந்தார். வண்டி காலியாகச் செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பிப் போயிற்று.